புத்தகயாவுக்குப் போய் வந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

கயாவுக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள் பலரும், காரியம் முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புத்தகயாவையும் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார்கள். எங்கள் உறவில் அப்படிப் போனவர்களுக்குத் துணையாக நானும் சில முறை போயிருக்கிறேன். பழைய பௌத்த நூல்கள் எழுதப்பட்ட பாலி மொழியில் அவற்றைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்விகள் தொடங்கிவிடும், ஊர் திரும்பிய பிறகும் போனில் தொடரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. "புத்தர்னு ஒருத்தர் நிஜமாவே இருந்தாரா, இல்ல இதுவும் புராணக் கதையா?"

இருந்தார். இன்றைய நேபாளத்தில் உள்ள லும்பினியில் அசோகர் நட்ட கல்தூண் ஒன்று நிற்கிறது. பட்டம் ஏற்ற இருபதாம் ஆண்டில் தானே அங்கு வந்து வணங்கியதாகவும், சாக்கியமுனி புத்தர் பிறந்த இடம் இது என்பதாகவும், அதனால் அந்த ஊருக்கு வரியைக் குறைத்ததாகவும் அதில் வெட்டியிருக்கிறார். அந்தத் தூண் 1896-இல் கண்டெடுக்கப்பட்டது. வரிக்குறைப்பு ஆணையில் கற்பனைக்கு இடம் குறைவு என்பதால் எனக்கு அது பெரிய சான்றாகப் படுகிறது.

காலத்தில்தான் கருத்து வேறுபாடு. இலங்கை, பர்மா, தாய்லாந்து மரபுக் கணக்குப்படி அவர் மறைந்தது கி.மு. 544. 1956-இல் 2500-ஆம் ஆண்டு கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். வரலாற்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கி.மு. 483 என்கிறார்கள், வேறு பலர் கி.மு. 400-ஐ ஒட்டிய காலம் என்கிறார்கள். 29 வயதில் துறவு, 35-இல் ஞானம், அதன் பின் 45 ஆண்டு ஊர் ஊராக நடந்து போதித்து 80 வயதில் குசிநகரில் மறைவு என்பதில் மரபுகளுக்குள் பெரிய சண்டை இல்லை.

2. "கிழவர், நோயாளி, பிணம் மூணையும் பார்த்ததும்தானே வீட்டை விட்டுப் போனார்? 29 வயசு வரைக்கும் இதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லையா?"

தேரில் போகும்போது இவற்றைப் பார்த்தார் என்று பாடப்புத்தகத்தில் நாம் படித்த கதை, பழைய பாலி நூல்களில் விபஸ்ஸி என்ற முற்காலப் புத்தரைப் பற்றியது. நாம் புத்தர் என்கிற கோதமருக்கு அதைச் சேர்த்துச் சொன்னது பிற்காலத்து வாழ்க்கை வரலாறுகள். தன்னைப் பற்றி அவரே பேசுகிற இடங்களில் நடந்தது வேறு மாதிரி இருக்கிறது.

குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று என்று மூன்று மாளிகைகளில் செல்லமாக வளர்ந்ததைச் சொல்கிறார். அப்புறம் ஒரு நினைப்பு வந்தது என்கிறார். வயதானவரைப் பார்த்து மனிதர்கள் அருவருக்கிறார்கள். ஆனால் நானும் கிழடாகப் போகிறவன்தானே, நான் அருவருப்பது எப்படித் தகும்? அப்படி நினைத்தபோது இளமை என்ற போதை தன்னை விட்டுப் போயிற்று என்கிறார். நோயையும் சாவையும் பற்றி இதேபோல் எண்ணியபோது ஆரோக்கியம், உயிர் என்ற இரண்டு போதைகளும் இறங்கின. யாரும் காட்டாமல், தன் அருவருப்பைத் தானே கவனித்து அவர் இதைக் கண்டார். தேர்க்கதையைவிட இது எனக்கு நெருக்கமானது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு.

3. "ராத்திரியோட ராத்திரியா பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுப் போனது நியாயமா?"

பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. முதலில் ஒரு விவரம். நள்ளிரவுக் குதிரைப் பயணமும் பிற்கால நூல்களில் வருவதுதான். அவர் வாய்மொழியாக உள்ள உரையில், தாயும் தந்தையும் விருப்பமில்லாமல் கண்ணீர் வடித்து அழுதுகொண்டிருக்க, தலையை மழித்துக் காவி உடுத்திப் போனதாக இருக்கிறது. அதாவது வீட்டுக்குத் தெரிந்துதான் போனார். பெற்ற தாய் மாயா, அவர் பிறந்த ஏழாம் நாளே இறந்துவிட்டார். அங்கே அழுதது வளர்த்த சிற்றன்னை மகாபஜாபதி கோதமியாக இருக்க வேண்டும்.

ஞானம் அடைந்த பிறகு அவர் சொந்த ஊரான கபிலவத்துவுக்கு வந்தபோது, ராகுலனின் தாய் மகனிடம், "அவர்தான் உன் அப்பா, போய் உனக்குரிய பங்கைக் கேள்" என்று அனுப்பினாள். பையன் பின்னாலேயே நடந்து பங்கைக் கேட்டான். கிடைத்தது துறவு. அப்போது தாத்தா சுத்தோதனர் வந்து பேசியது பிக்குகளின் விதிநூலில் பதிவாகியிருக்கிறது. நீ போனபோதே எனக்குத் துக்கம், உன் தம்பி நந்தன் போனபோதும் துக்கம், ராகுலன் போனது அளவுக்கு மீறிய துக்கம் என்கிறார். பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, தோலை அறுத்துச் சதையை, சதையை அறுத்து நரம்பை, எலும்பை, எலும்புக்குள் மஜ்ஜையை அறுக்கிறது என்கிறார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு தரக் கூடாது என்று புத்தர் அன்று விதி வகுத்தார். இன்றும் பிக்குவாகச் சேருகிறவரிடம் "தாய் தந்தை அனுமதி உண்டா?" என்று கேட்டே சேர்க்கிறார்கள்.

நியாயமா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தத் தகப்பனின் அழுகையை மறைக்காமல் எழுதி வைத்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

4. "மரத்தடியில உட்கார்ந்தார், ஞானம் வந்துடுச்சு. அவ்வளவுதானே?"

மரத்தடிக்கு முன்னால் ஆறு வருடம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கதையே இல்லை. முதலில் ஆளார காலாமர், அடுத்து உத்தக ராமபுத்தர் என்று இரண்டு ஆசிரியர்களிடம் போனார். இருவரும் கற்பித்த ஆழ்ந்த தியான நிலைகளைச் சீக்கிரமே எட்டிவிட்டார். முதல்வர் தனக்குச் சமமாக அமரச் சொன்னார், அடுத்தவர் குழுவுக்கே தலைவராக இருக்கச் சொன்னார். இரண்டையும் மறுத்துவிட்டு வந்தார். தியானத்திலிருந்து எழுந்தால் பழைய மனமே திரும்புகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு இன்றைய புத்தகயாவை ஒட்டிய உருவேலாவில், கொண்டஞ்ஞர் முதலான ஐந்து துறவிகள் கூட இருக்க, உடலை வதைத்தார். மூச்சை அடக்கினார், உணவைக் கையளவு கஞ்சியாகக் குறைத்தார். அப்போது தன் உடல் எப்படி இருந்தது என்று அவர் சொல்வதைப் படித்தால் மறக்காது. விலா எலும்புகள் பழைய கொட்டகையின் சட்டங்கள் போலத் துருத்தி நின்றன. ஆழமான கிணற்றின் அடியில் தண்ணீர் மின்னுவதுபோல் கண்கள் குழிக்குள் தெரிந்தன. பிஞ்சில் பறித்த கசப்புச் சுரைக்காய் வெயிலில் வாடுவதுபோல் தலைத்தோல் சுருங்கியது. வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் பட்டது. லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள எலும்பும் தோலுமான காந்தாரச் சிலை இந்த நிலையைத்தான் காட்டுகிறது.

இதற்கு மேல் வதைக்க ஒன்றுமில்லை, ஞானமும் வரவில்லை என்றபோது ஒரு சின்ன வயது நினைவு வந்தது. அப்பா வயல்வேலையில் இருந்தபோது, நாவல் மரத்து நிழலில் தனியாக உட்கார்ந்திருந்த நினைவு. அன்று மனம் தானாகவே அமைதியில் நிறைந்திருந்தது. வழி இதுவாக இருக்குமோ என்று நினைத்தார். புலன் ஆசையோடு தொடர்பில்லாத அந்த இன்பத்துக்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். என்னைக் கேட்டால் போதி மரத்துக்கு முன்பே திருப்பம் இந்த நாவல் மரத்தில் வந்துவிட்டது. சோறும் கஞ்சியும் சாப்பிட்டார். சுஜாதை பாற்சோறு கொடுத்தாள் என்பது பின்னால் விரிந்த அழகான கதை. ஐவரும், இவர் சுகவாசியாகிவிட்டார் என்று வெறுத்து விலகிப் போனார்கள். போதி மரத்தடியில் அவர் தனியாகத்தான் உட்கார்ந்தார்.

5. "நாம சுத்தி வந்த மரம் அதே மரமா?"

அதே இடம், அதன் வழிவந்த அரச மரம். 1876-இல் பழைய மரம் புயலில் விழுந்தது. இப்போதுள்ளதை 1881-இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் நட்டார். மூல மரத்தின் கிளை ஒன்றை அசோகரின் மகள் சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுபோனார் என்பது மரபு. அநுராதபுரத்தில் அந்த மரத்தை இன்றும் காவல் போட்டுக் காக்கிறார்கள். பக்கத்தில் நெரஞ்சரா ஆறு, கோடையில் வெறும் மணல்வெளி. அதுவே இன்னொரு ஆற்றோடு சேர்ந்து, கயாவில் நீங்கள் பிண்டம் கரைத்த பல்கு நதியாகிறது.

6. "அந்த ராத்திரி அவருக்கு அப்படி என்னதான் தெரிஞ்சது?"

இரவின் மூன்று சாமங்களில் மூன்று அறிவு என்று நூல்கள் சொல்கின்றன. முதல் சாமத்தில் தன் முற்பிறவிகள். நடுச்சாமத்தில் உயிர்கள் தத்தம் செயலுக்கேற்ப மறைந்து தோன்றுவது. கடைச்சாமத்தில் துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, முடிவுக்கான வழி. அதை அறிந்ததும் மனத்தைக் கட்டியிருந்த கசடுகள் அறுந்தன.

இதன் நடுவில் ஓடுகிற சரடு, "இது இருந்தால் அது இருக்கும், இது நின்றால் அது நிற்கும்" என்ற சார்புத் தோற்றம். இந்தச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளில் நான்கை நம் வீட்டிலேயே பார்க்கலாம். கயாவில் நம்மூர் காபி கிடைக்காத மூன்றாம் நாள் காலையை நினைத்துப் பாருங்கள். பக்கத்து அறையிலிருந்து யாரோ போட்ட காபி வாசனை மூக்கில் படுகிறது, அது ஊறு, அதாவது தொடுகை. நன்றாக இருக்கிறது, அது நுகர்வு. எனக்கும் வேண்டும், அது வேட்கை. இது இல்லாமல் என்னால் முடியாது, அது பற்று. நுகர்வு தானாக வரும், அதைத் தடுக்க முடியாது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பயிற்சி முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

7. "எல்லாமே துக்கம்னு சொல்ற மதம் ரொம்பச் சோர்வா இருக்கே?"

சாரநாத்தில் அந்தப் பழைய ஐவரிடம் பேசிய முதல் உரையில் துக்கம் என்று அவர் பட்டியல் போட்டவை நமக்குத் தெரிந்தவைதான். பிறப்பு, முதுமை, சாவு, பிடிக்காததோடு இருக்க வேண்டியிருப்பது, பிடித்ததைப் பிரிவது, வேண்டியது கிடைக்காதது. இன்பமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. இன்பமும் நிற்காது, நிற்காததைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பது வலிக்கும் என்றார். நோய் இது, காரணம் இது, குணமாகும், மருந்து இது என்று சொல்கிற மருத்துவரைச் சோர்வானவர் என்று நாம் சொல்வதில்லை.

இதைத் தமிழில் நான்கே அடியில் சொன்னது மணிமேகலை. அறவண அடிகள் தனக்கு உபதேசித்ததாக மாதவி சொல்கிறாள்: "பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேரின்பம், பற்றின் வருவது முன்னது, பின்னது அற்றோர் உறுவது." நான்கு வாய்மைகளை விளக்கச் சொன்னால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

8. "ஆசைதான் காரணம்னா, ஞானம் அடையணும்னு நினைக்கிறதும் ஆசைதானே?"

கெட்டிக்காரக் கேள்வி. கோசாம்பியில் உண்ணாபர் என்ற பிராமணர் இதையே புத்தரின் சீடர் ஆனந்தரிடம் கேட்டார். ஆசையால் ஆசையை ஒழிப்பது முடிவே இல்லாத வேலை ஆயிற்றே என்றார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: "இந்தத் தோப்புக்கு வர வேண்டும் என்ற விருப்பம் முன்பு உங்களுக்கு இருந்ததா?" "இருந்தது." "வந்து சேர்ந்த பின் அந்த விருப்பம் எங்கே?" "அடங்கிவிட்டது." இதுவும் அப்படித்தான் என்றார்.

துன்பத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது 'தண்ஹா', அதாவது தாகம். குடிக்கக் குடிக்கக் கூடுகிற வகை. புலனின்பத் தாகம், இப்படியே இருக்க வேண்டும் என்ற தாகம், இல்லாமலே போய்விட வேண்டும் என்ற தாகம் என்று மூன்று. நல்லதைச் செய்ய எழும் விருப்பத்துக்குப் பாலியில் 'சந்தம்' என்று வேறு சொல் இருக்கிறது. பிள்ளை படித்து மேலே வர வேண்டும் என்று நினைப்பதை யாரும் தடுக்கவில்லை.

9. "எண்வழிப் பாதைன்னா எட்டுப் படியா? ஒண்ணு முடிச்சுட்டு அடுத்ததா?"

இல்லை. நற்காட்சி, நல்லூற்றம் (நல்ல எண்ணம்), நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி (விழிப்பான கவனம்), நல்லமைதி (மன ஒருமை) என்ற எட்டும் எட்டுப் புரி போட்டு முறுக்கிய கயிறு மாதிரி. ஒன்றாகவே பிடிக்க வேண்டும். இல்லறத்தாருக்குத் தொடக்கம் ஐந்து சீலம்: கொல்லாமை, திருடாமை, தவறான காமம் இல்லாமை, பொய் சொல்லாமை, மது குடிக்காமை.

10. "புத்தர் கடவுள் இல்லைன்னா, அங்கே அத்தனை பேர் ஏன் விழுந்து கும்பிடறாங்க?"

துரோணர் என்ற பிராமணர் வழியில் அவருடைய காலடித் தடத்தைப் பார்த்து வியந்து, தேடிப் போய், "நீங்கள் தேவரா? கந்தர்வரா? யக்ஷரா? மனிதரா?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். தண்ணீரில் பிறந்து தண்ணீரில் வளர்ந்த தாமரை தண்ணீர் ஒட்டாமல் நிற்பதுபோல் உலகில் வளர்ந்து உலகம் ஒட்டாமல் இருக்கிறேன், என்னைப் புத்தர் என்று வைத்துக்கொள்ளும் என்றார். படைத்தவர் என்றோ வரம் தருபவர் என்றோ அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே விழுந்து வணங்குவது வழி காட்டியவருக்குச் செய்யும் மரியாதை. வேண்டுதல் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டாம்.

ஆரம்ப நூற்றாண்டுகளில் அவருக்கு உருவமே செதுக்கவில்லை. வெறும் இருக்கை, பாதம், மரம், சக்கரம் மட்டும்தான். சாஞ்சி வரை போக முடியாதவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கலாம். ஆளில்லாத ஆசனத்தைச் சுற்றி மக்கள் கைகூப்பி நிற்பார்கள்.

11. "விஷ்ணுவோட ஒன்பதாவது அவதாரம்தானே?"

சில புராணங்கள் அப்படிச் சொல்கின்றன. அசுரர்களை வேதவழியிலிருந்து விலக்கி மயக்க எடுத்த அவதாரம் என்ற காரணமும் அவற்றில் இருக்கிறது, அது புகழ்ச்சி அல்ல. பௌத்தர்கள் இதை ஏற்பதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது எடுக்கச் செய்த 22 உறுதிமொழிகளில், புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக நம்ப மாட்டேன் என்பதும் ஒன்று. கும்பிடுகிறவரைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் அவர்கள் மதத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை நாம் கேட்க வேண்டும்.

12. "கடைகளில் விற்கிற தொப்பை புத்தர் யார்?"

அவர் கோதமர் அல்ல. புதாய் என்ற சீனத் துறவி, பத்தாம் நூற்றாண்டுக்காரர். இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் வடிவம் என்று சீனர்கள் நம்பினார்கள்.

13. "பிக்குகள் கறி சாப்பிடறாங்களே, கொல்லாமை என்னாச்சு?"

பிச்சை ஏற்கிறவர் கிடைத்ததை உண்ண வேண்டும். தனக்காகவே கொன்றதைக் கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ அந்த இறைச்சியைத் தொடக் கூடாது என்று ஜீவகர் என்ற மருத்துவரிடம் புத்தர் சொன்னார். பிக்குகள் எல்லோரும் மீனும் இறைச்சியும் விலக்க வேண்டும் என்று தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது மறுத்துவிட்டார். மகாயானம் என்ற பிற்காலப் பிரிவின் நூல்கள் சில இறைச்சியை முற்றாக விலக்குகின்றன, சீன மரபுத் துறவிகள் சைவமாகவே இருக்கிறார்கள். பழைய விதியின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் சாப்பிடுவதில்லை.

14. "கஷ்டப்படறவங்க எல்லாம் போன ஜென்மத்துப் பாவத்தை அனுபவிக்கிறாங்களா?"

சீவகர் என்ற துறவி இதைக் கேட்டபோது புத்தர் இல்லை என்றே சொன்னார். பித்தத்தால் வரும் வலி உண்டு, சளியால், வாதத்தால், பருவ மாற்றத்தால், கவனக்குறைவால், பிறர் தாக்குவதால் வருவதும் உண்டு. வினைப்பயன் எட்டுக் காரணங்களில் ஒன்று. எல்லாமே முன்வினை என்பவர் கண்முன் தெரிவதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார் என்றார். வினை என்று அவர் சொன்னது எண்ணத்தை, வேண்டுமென்றே செய்வதை. நோயில் கிடப்பவரிடம் போய் "உன் கர்மா" என்று பேச பௌத்தத்தில் இடமில்லை.

15. "ஆன்மாவே இல்லைன்னா மறுபிறவி யாருக்கு?"

இதற்கு ஆறாவது பதிலில் சொன்ன சார்புத் தோற்றத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். உடல், நுகர்வு, குறிப்பு (இன்னது என்று அடையாளம் காண்பது), மனச்செயல்கள், உணர்வு என்ற ஐந்து ஓட்டங்களின் கூட்டுக்கு நாம் 'நான்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவற்றுள் மாறாத பொருள் எதுவும் அகப்படவில்லை என்பதுதான் 'அநத்தா'. கிரேக்க அரசன் மிலிந்தன் நாகசேனர் என்ற பிக்குவிடம் இதைத்தான் கேட்டான். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், முதல் விளக்கிலிருந்து எதுவாவது தாவிப் போகிறதா என்று அவர் கேட்டார். போவதில்லை. ஆனால் முதல் சுடர் இல்லாமல் இரண்டாவது இல்லை.

ஐந்து வயதுப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை நீங்களேதானா? இல்லை என்றும் சொல்ல முடியாது, வேறு ஆள் என்றும் சொல்ல முடியாது. ஒரு பிறவிக்குள்ளேயே அப்படி என்றால் இரண்டு பிறவிகளுக்கு நடுவிலும் அப்படித்தான் என்கிறது மரபு. எனக்கு இது முழுதாகப் பிடிபடப் பல வருடமாயிற்று.

16. "நிர்வாணம்னா செத்தப்புறம் கிடைக்கிற சொர்க்கமா?"

சொர்க்கங்களும் பௌத்தத்தில் உண்டு, அவையும் முடிந்துபோகிறவை. நிர்வாணம் என்றால் அணைதல். அணைவது ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீ. அது 35 வயதில், உயிரோடு இருக்கும்போதே அவருக்கு நடந்தது. அதன் பின் 45 வருடம் பேசினார், நடந்தார், முதுகுவலி வந்தால் படுத்தார்.

இறந்த பின் ஞானி எங்கே போகிறார் என்று வச்சகோத்தர் என்ற துறவி கேட்டபோது, விறகு தீர்ந்து அணைந்த தீ கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்று புத்தர் திருப்பிக் கேட்டார். கேள்வியே பொருந்தவில்லை என்பது பதில்.

17. "அப்போ நாங்க கொடுத்த திதி போய்ச் சேர்ந்துதா இல்லையா? புத்தர் என்ன சொல்வார்?"

பெரியப்பாவுக்குக் கயாவில் காரியம் முடித்து, புத்தகயா வந்து, கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா கேட்டது இது. நல்ல வேளையாக, ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் அப்படியே புத்தரிடம் கேட்டிருக்கிறார். "நாங்கள் சிராத்தம் செய்கிறோம், இறந்த உறவினர் இதை உண்ணட்டும் என்கிறோம். சேருமா?" புத்தர் சொன்னார்: அவர்கள் மறுபடி மனிதராகவோ, விலங்காகவோ, தேவராகவோ பிறந்திருந்தாலும், நரகத்தில் இருந்தாலும் அங்கங்கே உள்ள உணவில் வாழ்வார்கள், இது போய்ச் சேராது. பித்ரு நிலையில், அதாவது பிரேதராக, இருந்தால் சேரும்.

பிராமணர் விடவில்லை. அந்த உறவினர் அங்கே இல்லாவிட்டால்? வேறு உறவினர் இருப்பார்கள், அவர்கள் உண்பார்கள். ஒருவருமே இல்லாவிட்டால்? இவ்வளவு நெடிய காலத்தில் அந்த இடம் உங்கள் உறவினர் ஒருவர்கூட இல்லாமல் வெறுமையாக இருக்க வழியே இல்லை. அதோடு கொடுத்தவருக்கும் பலன் இல்லாமல் போகாது.

பெரியம்மா கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குச் சேரலைன்னாலும் நம்மாள் யாரோ ஒருத்தர் சாப்பிட்டிருப்பாங்க, இல்ல?" என்றார். ஆமாம் பெரியம்மா என்றேன்.